கை தட்டினதுக்கெல்லாமா பாயசம்?

முதல்லயே சொல்லிடறேன், இது கொஞ்சம் காரமான பதிவு. உச்சுக் கொட்ட வர்றவங்க இப்பவே திரும்பிடலாம். எங்க வீட்டுல பாவப்பட்டவங்க யாரும் இல்லை. சண்டை போட வர்றவங்க தாராளமா உள்ள வாங்க.

சண்டை எதோடன்னா, ஒரே ஒரு வார்த்தையோட. "இதுக்கெல்லாமா?"

என் பையனுக்கு ஆறு வயசு. டவுன் சிண்ட்ரோம். பொறந்த மூணாவது வாரம் குரோமோசோம் பரிசோதனை முடிவு கைக்கு வந்துடுச்சு. 21-ஆவது குரோமோசோம் ரெண்டு இருக்க வேண்டிய இடத்துல மூணு. நாங்க சேலம் பக்கம் ஆத்தூர்க்காரங்க. வேலைக்காகத் திருவனந்தபுரம் வந்து பதினோரு வருஷம் ஆச்சு. எனக்கு டெக்னோபார்க்ல சாஃப்ட்வேர் டெஸ்டிங், வீடு ஸ்ரீகாரியம் பக்கம். சிங்கப்பூர்லயும் துபாய்லயும் உட்கார்ந்து படிக்கிற நீங்க, "பக்கத்து ஸ்டேட்தானே, இதுக்கு இவ்வளவு பில்டப்பா"ன்னு சிரிக்கலாம். ரயில்ல ஒரு ராத்திரிதான், உண்மை. ஆனா நடு ராத்திரியில குழந்தைக்கு மூச்சு இரைக்கும்போது ஓடி வர அம்மா பக்கத்துல இல்லேன்னா, சிங்கப்பூரும் ஸ்ரீகாரியமும் ஒரே தூரம்தான்.

பதினேழாவது மாசம் அவன் ரெண்டு கையையும் சேர்த்துத் தட்டினான். சேமியா பாயசம் வெச்சு அந்த மாடி முழுக்கக் கொடுத்தோம். சேதி போன் வழியா ஊருக்குப் போய்த் திரும்பி வந்தப்போ கூடவே வந்த வார்த்தைதான் அது. "கை தட்டினதுக்கெல்லாமா பாயசம்? நடக்கட்டும் கண்ணு, அப்புறம் வைக்கலாம்." ரெண்டு வயசு ஏழு மாசத்துல நடந்தான். "பேசட்டும்"னாங்க. பேச ஆரம்பிச்சான். "பள்ளிக்கூடம் போகட்டும்"னாங்க. அவங்க கணக்குல பாயசம் எப்பவுமே அடுத்த ஸ்டேஷன்லதான் ஏறும்.

சொன்னவங்க யாரும் கெட்டவங்க இல்லை. அவன் நெஞ்சுல ஆபரேஷன் நடந்தப்போ பழனிக்கு முடிஞ்சு வெச்சவங்கதான். ஆனா நல்லவங்க சொன்னா தப்பு சரியாகிடாது. இந்த "இதுக்கெல்லாமா"வுக்குள்ள ரெண்டு தப்பு இருக்கு. குழந்தை எந்த மாசம் என்ன செய்யணும்ங்கிற அட்டவணை எதுக்காக இருக்குன்னு தெரியாதது ஒண்ணு. நம்ம தமிழ் இதை எப்படிக் கொண்டாடிச்சுன்னு மறந்தது இன்னொண்ணு. ரெண்டையும் பார்ப்போம்.

இந்த ஊர் பேர்ல ஒரு அட்டை

திருவனந்தபுரம்னா பத்மநாப சுவாமியும் அந்த நிலவறைகளும்தான் வெளியூர்க்காரங்களுக்கு ஞாபகம் வரும். குழந்தை டாக்டர்களைக் கேட்டா வேற ஒண்ணும் சொல்வாங்க. இந்த ஊர் பேரோட ஒரு வளர்ச்சிப் பரிசோதனை அட்டை இருக்கு. சுருக்கமா டி.டி.எஸ்.சி. இங்க மெடிக்கல் காலேஜ் வளாகத்துல இருக்கிற சைல்ட் டெவலப்மென்ட் சென்டர்ல டாக்டர் எம்.கே.சி. நாயரும் அவர் குழுவும் சேர்ந்து உருவாக்கினது. 1991-ல 'இந்தியன் பீடியாட்ரிக்ஸ்' இதழ்ல வெளியாச்சு.

அதுக்கு முன்னாடி நிலைமை என்னன்னா, அமெரிக்காவுல நான்சி பெய்லி உருவாக்கின ஒரு பெரிய அளவுகோல் இருந்தது. பரோடாவுல பிரமீளா பாடக் அதை நம்ம நாட்டுக் குழந்தைகள்கிட்ட சோதிச்சு, எந்த வயசுல எது வரும்னு இந்தியக் கணக்கு எடுத்து வெச்சிருந்தாங்க. ஆனா அதை வெச்சு ஒரு குழந்தையைப் பார்க்கப் பயிற்சி பெற்ற ஆள் வேணும், கருவிப்பெட்டி வேணும், நேரம் வேணும். அங்கன்வாடி டீச்சர்கிட்ட இது எதுவும் கிடையாது. திருவனந்தபுரம் குழு அந்தப் பரோடா கணக்குல இருந்து பதினேழே பதினேழு விஷயத்தை மட்டும் பொறுக்கி எடுத்து ஒரே அட்டையில கோடு கோடாப் போட்டாங்க. முகம் பார்த்துச் சிரிக்குதா, கண்ணால பின்தொடருதா, தலை நிக்குதா, சத்தம் வந்த பக்கம் திரும்புதா, ஒரு கையில இருக்கிறதை இன்னொரு கைக்கு மாத்துதா, கை தட்டுதா, நடக்குதா, ரெண்டு வார்த்தை சொல்லுதா, பொம்மையோட கண்ணு மூக்கைக் காட்டுதா. இப்படிப் பதினேழு. பொறந்ததுல இருந்து ரெண்டு வயசு வரைக்கும்.

பயன்படுத்தறது ரொம்ப சுலபம். ஒவ்வொரு விஷயத்துக்கும் ஒரு படுக்கைக் கோடு. கோட்டோட இடது முனை, நூத்துல மூணு குழந்தைகள் அதைச் செய்யற வயசு. வலது முனை, நூத்துல தொண்ணூத்தேழு குழந்தைகள் செஞ்சு முடிச்சிருக்கிற வயசு. உங்க குழந்தையோட வயசுக்கு நேரா ஒரு பென்சிலை நெட்டுக்குத்தா வைக்கணும். பென்சிலுக்கு இடப்பக்கமே முடிஞ்சுபோன கோடு ஏதாவது ஒண்ணைக் குழந்தை இன்னும் செய்யலைன்னா, டாக்டர்கிட்ட அனுப்பணும். அவ்வளவுதான். அஞ்சு பத்து நிமிஷ வேலை.

இப்போ கவனிங்க. அந்தக் கோடு ஒரு புள்ளி இல்லை, கோடு. இடது முனையில செய்யற குழந்தைக்குத் தங்க மெடல் கிடையாது. வலது முனையில செய்யற குழந்தை ஃபெயிலும் கிடையாது. ரெண்டுமே சரி. உலக சுகாதார நிறுவனம் 2006-ல அஞ்சு நாட்டுக் குழந்தைகளைப் பார்த்து வெளியிட்ட கணக்கும் இதையேதான் சொல்லுது. பிடிக்காம தனியா நடக்கிறதுக்கான வயசு 8.2 மாசத்துல இருந்து 17.6 மாசம் வரைக்கும். கிட்டத்தட்ட பத்து மாச இடைவெளி! அதே ஆய்வுல நூத்துல நாலு குழந்தைகள் தவழவே இல்லை. தவழாமலே எழுந்து நடந்துட்டாங்க. "எங்க வீட்டுல ஒன்பதாம் மாசமே நடந்துட்டான்"னு கல்யாண வீட்டுல பெருமை அடிக்கிற மாமாக்கள் இந்தப் பத்தியை ரெண்டு தடவை படிக்கவும்.

இன்னொண்ணும் சொல்லணும். அந்த 1991 கட்டுரையிலேயே அட்டையோட குறையையும் அவங்களே எழுதி வெச்சாங்க. டென்வர் சோதனைங்கிற இன்னொரு முறையோட ஒப்பிட்டா, தாமதம் இருக்கிற குழந்தைகள்ல சுமார் மூணுல ரெண்டு பங்கைத்தான் இந்த அட்டை பிடிக்குது. தாமதம் இல்லாத குழந்தைகள்ல அஞ்சுல ஒண்ணை வீணா சந்தேகப்படுது. எங்க தொழில்ல இதுக்கு ஸ்மோக் டெஸ்ட்னு பேர். உள்ள போய் ஆழமாப் பார்க்கணுமா வேண்டாமான்னு மட்டும் சொல்லும். சாஃப்ட்வேர் நல்லதா கெட்டதான்னு அது சொல்லாது. ஸ்மோக் டெஸ்ட் ரிப்போர்ட்டை ஃப்ரேம் போட்டு ஹால்ல மாட்டறவனை ஆபீஸ்ல என்ன சொல்வாங்க? ஆனா வீட்டுக் குழந்தைகிட்ட நாம அதைத்தான் பண்றோம்.

அட்டையை ரெண்டு விதமாக் கெடுக்கலாம்

அந்த அட்டை ஒரு காலிங் பெல். அடிச்சா கதவைத் திறக்கணும். நம்ம ஆளுங்க ரெண்டு கட்சி.

முதல் கட்சி, பெல் அடிச்சாலும் எழுந்திருக்காது. "அவங்க சித்தப்பாகூட நாலு வயசுலதான் பேசினான், இன்னிக்கு பேங்க் மேனேஜர்." "ஆம்பளைப் பையன் லேட்டாத்தான் பேசுவான்." வெளியூர்ல, வெளிநாட்டுல இருக்கிற குடும்பங்கள்ல இது இன்னும் மோசம். தினம் தினம் பார்த்து, "ஏண்டி, கூப்பிட்டா திரும்பவே மாட்டேங்கிறானே"ன்னு சொல்ல ஒரு பாட்டி வீட்டுல இல்லை. பாட்டி வீடியோ காலில் பார்க்கிறதோ குழந்தை சிரிக்கிற நாலு நிமிஷம் மட்டும். வேலை மாறும்போது ஊர் மாறுது, டாக்டர் மாறறார், பழைய ஃபைல் எந்த அட்டைப்பெட்டியில இருக்குன்னு யாருக்கும் தெரியாது. கேட்டா "ரெண்டு மூணு பாஷை காதுல விழுது, குழம்பிட்டான்"னு ஒரு ரெடிமேட் காரணம். ரெண்டு மொழி கேட்டு வளர்றதால வளர்ச்சி தாமதம் வர்றது கிடையாது. அந்தக் காரணத்தைச் சொல்லிக் கடத்தற ஒவ்வொரு மாசமும் குழந்தையோட மாசம்.

அது ஏன் முக்கியம்? இதே சென்டர்ல 800 குழந்தைகளை வெச்சு ஒரு ஆய்வு பண்ணினாங்க. பொறந்ததும் தீவிர கவனிப்புப் பிரிவுல இருந்து வீட்டுக்குப் போன குழந்தைகள். ஒரு பாதிக்கு வழக்கமான கவனிப்பு. இன்னொரு பாதிக்கு அதோட சேர்த்து, வீட்டுலயே அம்மா செய்யற மாதிரி ஆரம்பகாலத் தூண்டல் பயிற்சி. பார்க்க வைக்கிறது, கேட்க வைக்கிறது, தொட வைக்கிறது, புரள வைக்கிறது. ஒரு வயசுலயும் ரெண்டு வயசுலயும் சோதிச்சப்போ பயிற்சி கிடைச்ச குழந்தைகள் மனவளர்ச்சியிலயும் உடல் அசைவுலயும் முன்னாடி இருந்தாங்க. 2009-ல வெளியான ஆய்வு இது. சித்தப்பா கதையைவிட இதுக்கு மதிப்பு அதிகம்னு நான் நினைக்கிறேன். பதினெட்டு மாசம் ஆகியும் நடக்கலையா, கூப்பிட்டா திரும்பலையா? ஜாதகத்தை எடுக்காதீங்க, அப்பாயின்ட்மென்ட் எடுங்க.

இரண்டாவது கட்சிதான் "இதுக்கெல்லாமா" கட்சி. பெல் அடிச்சது, கதவைத் திறந்தாச்சு, டாக்டர் பார்த்தாச்சு, என்னன்னும் தெரிஞ்சாச்சு, பயிற்சியும் நடக்குது. இவங்க இன்னும் பெல்லை அழுத்திக்கிட்டே நிக்கறாங்க! எங்க பையனுக்கு என்னன்னு மூணாவது வாரமே தெரியும். டவுன் சிண்ட்ரோம் குழந்தைக்குத் தசை இறுக்கம் குறைவு, மூட்டு தளர்வு. பாதிப் பேருக்குப் பக்கத்துல இதயத்துல பிரச்சினை. நடக்க சராசரியா ரெண்டு வயசு ஆகும், நாலு வயசுகூட ஆகலாம். இதெல்லாம் தெரிஞ்ச பிறகும் பக்கத்து வீட்டுக் குழந்தையோட அட்டவணையை இவன் தலைக்கு மேல பிடிச்சுக்கிட்டு "இன்னும் வரலை, இன்னும் வரலை"ன்னு வாசிக்கிறதுக்கு என்ன அர்த்தம்? விடை தெரிஞ்ச கேள்வியை ஒரு குழந்தைகிட்ட தினமும் கேட்கிறதுக்குப் பேர் அக்கறை இல்லை. குத்திக்காட்டறது.

பத்துப் பாட்டு எழுதின மொழி

இப்போ இரண்டாவது தப்புக்கு வர்றேன். "சின்னச் சின்ன விஷயத்தைக் கொண்டாடறதெல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம்"னு ஒரு பெரியவர் சொன்னார். ஐயா, பிள்ளைத்தமிழ்னு ஒண்ணு பள்ளிக்கூடத்துல படிச்சோமே, ஞாபகம் இருக்கா?

பத்துப் பருவம். ஒரு பருவத்துக்குப் பத்துப் பாட்டு. ஆக நூறு. ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான முதல் ஏழு பருவம் இது: காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி. கொஞ்சம் பிரிச்சுப் பாருங்க. செங்கீரைன்னா குழந்தை ஒரு காலை மடக்கி, கையை ஊன்றி, தலையைத் தூக்கி ஆடறது. இன்னிக்கு பிசியோதெரபிஸ்ட் பாய் விரிச்சு எங்க பையன்கிட்ட கெஞ்சிக் கெஞ்சி வரவெச்சது அதைத்தான். தால்னா நாக்கு. நாக்கை அசைச்சுத் தாலாட்டறது. சப்பாணின்னா ரெண்டு கையையும் சேர்த்துக் கொட்டறது. வருகைன்னா நடந்து வர்றது. அம்புலின்னா நிலாவைக் காட்டி விளையாடக் கூப்பிடறது. ஒருத்தர் காட்டற திசையில குழந்தை பார்க்குதாங்கிறது இன்னிக்கும் டாக்டர்கள் உன்னிப்பாக் கவனிக்கிற விஷயம்.

ஆக, திருவனந்தபுரம் அட்டையில இருக்கிற 'கை தட்டுதல்' தமிழ்ல சப்பாணிப் பருவம். அதுக்கு மட்டும் பத்துப் பாட்டு. ஒட்டக்கூத்தர் குலோத்துங்க சோழனுக்குப் பாடினார். குமரகுருபரர் மதுரை மீனாட்சிக்குப் பாடினார். அதுக்கெல்லாம் முன்னாடி பெரியாழ்வார் கண்ணனோட சப்பாணிக்குப் பாடினார். தளர்நடைக்கும் பாடினார். தளர்நடைன்னா என்ன? தள்ளாடித் தள்ளாடி நடக்கிறது. நல்லா ஓடினதுக்குப் பிறகு அவர் பாட்டெழுத உட்காரலை. தள்ளாடும்போதே பாடிட்டார். அவர்கிட்ட யாரும் "இதுக்கெல்லாமா"ன்னு கேட்டதாத் தெரியலை. நாங்க வெச்சது ஒரே ஒரு பாயசம்தான்.

இதுல வயித்தெரிச்சல் என்ன தெரியுமா? சப்பாணிங்கிற அதே வார்த்தைக்கு இன்னிக்கு என்ன அர்த்தம்? 1977-ல வந்த '16 வயதினிலே' படத்துல கமல்ஹாசன் பாத்திரத்தோட பேரே அதுதான். ஊரே அப்படிக் கூப்பிட்டுச் சீண்டும். கால் விளங்காதவனைக் குறிக்க அந்தச் சொல் அதுக்கு முன்னாடியே இருந்தது, படம் கண்டுபிடிச்சதில்லை. ஆனா இன்னிக்குத் தமிழ்நாட்டுல எந்தத் தெருவுல கேட்டாலும் சப்பாணி வசவு மட்டும்தான். குழந்தை கை தட்டற சந்தோஷத்துக்கு இருந்த சொல்லையும் காணோம், அந்தப் பழக்கத்தையும் காணோம். மிச்சம் இருக்கிறது கேலி. "வெள்ளைக்காரன் பழக்கம்"னு சொன்ன பெரியவருக்கு என் பதில் இதுதான்: நாங்க கடன் வாங்கலை ஐயா, அடகு வெச்சதை மீட்கிறோம்.

"உங்களை நீங்களே ஏமாத்திக்கிறீங்க"

படிச்சவங்க சொல்ற ஆட்சேபம் இது. கொண்டாட்டமெல்லாம் மனசுக்கு ஆறுதல், நிஜத்தை மறைக்கிற திரை, வேற ஒண்ணும் இல்லைன்னு. இதுக்கு நேராவே பதில் சொல்றேன்.

கை தட்டறதுல என்ன இருக்கு? ரெண்டு கையும் உடம்போட நடுக்கோட்டுக்கு வரணும். எதிர்ல இருக்கிறவங்க கையைப் பார்க்கணும். பார்த்ததைத் தன் உடம்பால திருப்பிச் செய்யணும். அவங்க நிறுத்தினா நிறுத்தி, தன் முறைக்குக் காத்திருக்கணும். பாட்டிலை ரெண்டு கையால பிடிக்கிறதும், சட்டைப் பொத்தான் போடறதும், ஒருத்தர் பேசி முடிச்சதும் நாம பேசறதும் எல்லாமே இதுக்கு மேல கட்டற மாடி. இதைக் கவனிக்காதவங்களுக்கு அது வெறும் சத்தம்.

ஸ்பூன்ல சாப்பிடறதை எடுத்துக்குங்க. ஸ்பூனைப் பார்க்கிறது, எட்டறது, பிடிக்கிறது, கிண்ணத்துல விடறது, அள்ளறது, கொட்டாம தூக்கறது, வாய்க்குக் கொண்டுபோறது, உதட்டை மூடறது, ஸ்பூனைத் திரும்பி வைக்கிறது. ஒன்பது வேலை. பயிற்சி கொடுக்கிறவங்க ஒரு வேலையை இப்படித்தான் துண்டு துண்டாப் பிரிச்சுச் சொல்லிக் கொடுப்பாங்க. எங்க வீட்டு நோட்டுல இந்த ஒன்பதுக்கும் ஒன்பது தேதி இருக்கு. முதல் தேதிக்கும் கடைசித் தேதிக்கும் நடுவுல பதினாலு மாசம். "தானே சாப்பிடறானா?"ன்னு மட்டும் கேட்கிறவங்களுக்கு அந்தப் பதினாலு மாசமும் "இல்லை"தான். எங்களுக்கு அதுக்குள்ள எட்டு "ஆமா" இருந்தது. யார் நிஜத்தைப் பார்த்தாங்க, யார் கண்ணை மூடிக்கிட்டாங்க?

எதைக் கொண்டாடறோமோ அதைத்தான் உன்னிப்பாப் பார்க்கிறோம். பார்த்தாத்தான் அடுத்த படி எதுன்னு தெரியும். ஒரு படியில மாசக்கணக்கா நின்னுட்டா டாக்டர்கிட்ட போய், "அள்ள வருது, தூக்கும்போது மணிக்கட்டு திரும்புது"ன்னு சொல்ல முடியும். அவங்க உடனே ஸ்பூன் பிடியை மாத்தித் தருவாங்க. "எதுவுமே செய்ய மாட்டேங்கிறான் டாக்டர்"னு சொன்னா யாரால என்ன பண்ண முடியும்? எங்க ஆபீஸ்ல "வேலை செய்யலை"ன்னு மட்டும் எழுதின பக் ரிப்போர்ட்டைத் திருப்பி மூஞ்சிலயே அடிப்பாங்க :-)

ஆனா எல்லா ஆரவாரமும் கொண்டாட்டம் இல்லை. "மாமாவுக்குத் தட்டிக் காட்டு, அத்தைக்கு நடந்து காட்டு"ன்னு வர்றவங்க போறவங்க முன்னாடி நிறுத்தறது சர்க்கஸ். அதை நாங்க அனுமதிக்கிறதில்லை. அவன் வீடியோவை எடுத்து சோக மியூசிக் போட்டு "இவனைப் பார்த்து நாம கத்துக்கணும்"னு குரூப்ல சுத்த விடறதும் வேண்டாம். அவன் உங்களுக்குப் பாடம் நடத்தப் பொறக்கலை.

ரெண்டு வார்த்தை, எந்த மொழியில?

வெளியூர்த் தமிழ்க் குடும்பங்களுக்குன்னே ஒண்ணு சொல்லணும்னு ரொம்ப நாளா நினைச்சிருந்தேன். அட்டையில 'ரெண்டு வார்த்தை சொல்லுதல்'னு ஒரு கோடு இருக்கு இல்லையா. எங்க பையனோட முதல் வார்த்தை "ம்மா". இரண்டாவது "பெள்ளம்". இங்க தண்ணிக்கு வெள்ளம்னு சொல்வாங்க, கீழ் வீட்டுச் சேச்சிகிட்ட கத்துக்கிட்டது. ஊர்ல இருந்து போன்ல கேட்ட என் அத்தை, "என்னம்மா, அங்க மழை ரொம்பவா? வெள்ளம் வந்துடுச்சா?"ன்னு பதறிட்டாங்க.

அந்தச் சமயத்துல ஒரு இடத்துல (பேர் வேண்டாம்) எங்களுக்குக் கிடைச்ச அறிவுரை: "வீட்டுல தமிழை விட்டுடுங்க. இந்த மாதிரிக் குழந்தைக்கு ஒரே மொழிதான். பேசாம இங்கிலீஷுக்கு மாறிடுங்க." இதே வசனத்தை நியூஜெர்சியில கேட்ட தமிழ் அம்மாவையும் தெரியும், மஸ்கட்ல கேட்ட அப்பாவையும் தெரியும். நாங்க கேட்கலை. கேட்காததுக்கு ஆதாரமும் இருக்கு. 2005-ல கனடாவுல டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளை வெச்சு ஒரு ஆய்வு வந்தது. ரெண்டு மொழியில வளர்ற குழந்தைகள் ஆங்கிலத்துல, அதே நிலையில இருக்கிற ஒரே மொழிக் குழந்தைகளைவிடப் பின்தங்கி இல்லை. கூடுதலா இன்னொரு மொழியும் அவங்ககிட்ட இருந்தது.

தமிழை விட்டா என்ன ஆகும்னு யோசிங்க. பாட்டி தாத்தாவோட பேச்சு போச்சு. அம்மா தூக்கக் கலக்கத்துல பேசற மொழி போச்சு. ஊர்ல கல்யாணத்துக்குப் போனா சுத்தி நூறு பேர் இருந்தும் அவன் தனி. ஏற்கனவே உலகம் அவனுக்குக் கொஞ்சம் குறுகலா இருக்கு. அதை இன்னும் குறுக்கச் சொல்றதுக்குப் பேர் வைத்தியமா? வார்த்தையை எண்ணும்போது எல்லா மொழியையும் சேர்த்து எண்ணுங்க. "தண்ணி"யும் வார்த்தை, "வெள்ள"மும் வார்த்தை. பேசறதுக்குப் பதிலாக் கையால காட்டற சைகையும் அர்த்தத்தோட வந்தா அதையும் எழுதி வைங்க.

பாயசம் மட்டும் போதாது

கொண்டாடறவங்க போராட மாட்டாங்கன்னு யாரும் நினைச்சுடாதீங்க. 2016-ஆம் வருஷ மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏழா இருந்த பட்டியலை இருபத்தொண்ணா ஆக்கிச்சு. அதோட 31-ஆவது பிரிவு, 40 சதவீதமும் அதுக்கு மேலயும் குறைபாடு இருக்கிற குழந்தைக்கு ஆறு வயசுல இருந்து பதினெட்டு வரைக்கும் இலவசக் கல்வி உரிமை தருது. பக்கத்துப் பள்ளிக்கூடமா, சிறப்புப் பள்ளியாங்கிறது அந்தக் குடும்பத்தோட விருப்பம். இது தெரியாம "சீட் இல்லைன்னுட்டாங்க"ன்னு திரும்பி வர்றவங்க நிறைய.

இந்த ஊர்ல இடங்கள் இருக்கு. காது, பேச்சு சம்பந்தப்பட்டதுக்கு ஆக்குளத்துல 1997-ல தொடங்கின நிஷ் இருக்கு. வெங்ஙானூர் பஞ்சாயத்துல 2004-ல குடும்பஸ்ரீ மூலமா முதல் 'பட்ஸ்' பள்ளி தொடங்கினாங்க. இன்னிக்குக் கேரளா முழுக்க முன்னூறுக்கு மேல அந்த மாதிரி மையங்கள் இருக்கு. நம்ம பக்கமும் குறைச்சல் இல்லை. தென்காசி பக்கம் ஆய்க்குடியில 1981-ல தொடங்கின அமர் சேவா சங்கம் கிராமம் கிராமமா வீட்டுக்கே போய்ச் சின்னக் குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுக்குது. இந்தியாவுல எங்க இருந்தாலும் ஆர்.பி.எஸ்.கே. திட்டத்துல 2013-ல இருந்து பிறப்பு முதல் பதினெட்டு வயசு வரைக்கும் இலவசப் பரிசோதனை உண்டு. கேளுங்க. கேட்டு வாங்குங்க.

பாதை நீளம்ங்க. 1983-ல அமெரிக்காவுல டவுன் சிண்ட்ரோம் உள்ளவங்களோட சராசரி ஆயுள் 25 வருஷம். இன்னிக்குச் சுமார் 60. இதய ஆபரேஷன் வந்தது, விடுதிகள்ல ஒதுக்கி வைக்கிறது குறைஞ்சது. அறுபது வருஷம் நடக்கப்போற ஒருத்தன்கிட்ட "போய்ச் சேர்ந்தாத்தான் சந்தோஷப்படுவேன்"னு சொன்னா, நீங்களும் சந்தோஷப்படப் போறதில்லை, அவனையும் விடப்போறதில்லை.

அதனால சொந்தக்காரங்களுக்கும் நண்பர்களுக்கும் மூணு வேண்டுகோள்.

ஒண்ணு: யாராவது போன் பண்ணி "இன்னிக்கு ஒரு படி ஏறினான்"னு சொன்னா, "மீதிப் படி?"ன்னு கேட்காதீங்க. "எந்தக் காலை முதல்ல வெச்சான்?"னு கேளுங்க. அந்த ஒரு கேள்வியில அந்த அம்மாவுக்குத் தெரிஞ்சுடும், நீங்க நிஜமாவே கேட்கிறீங்கன்னு.

ரெண்டு: கல்யாணம், காதுகுத்து, பிறந்தநாள் எதுவா இருந்தாலும் குழந்தை பேரையும் சேர்த்துக் கூப்பிடுங்க. "சிரமம்னா அவனை விட்டுட்டு வாங்களேன்"னு சொல்லாதீங்க. சிரமமா இல்லையாங்கிறதை நாங்க பார்த்துக்கறோம்.

மூணு: உங்க வீட்டுக் குழந்தை எந்தத் தாமதமும் இல்லாம கை தட்டுதா? அப்பவும் பாயசம் வைங்க. அட்டவணைப்படி வந்ததுங்கிறதால அது சின்ன விஷயம் ஆகிடாது. இதை நான் யாருக்கும் ஆறுதலா எழுதலை. ஒரு குழந்தை தன் ரெண்டு கையும் தன்னோடதுன்னு கண்டுபிடிக்கிற நாள் அது. எந்த வீட்டுலயா இருந்தாலும் அது பெரிய நாள்தான்.